கண்ணுக்குள் ரத்தம்: காத்திருப்பதா, அறுவைச் சிகிச்சையா?

வாசகர் கேள்விகளுக்கு விழித்திரை அறுவைச் சிகிச்சை நிபுணர் ஒருவர் பதிலளிக்கிறார்

பரம்பரையாக வரும் விழித்திரை நோய்களைப் பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் சுருக்கமாக எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, இத்தகைய நோய் உள்ள கண்ணுக்குள் ரத்தம் கசிந்துவிட்டால் என்ன செய்வது என்ற ஒரே கவலையைத்தான் சுமந்து வந்திருக்கின்றன. எனவே இந்த இதழை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. பள்ளி மைதானத்தில் டென்னிஸ் பந்து இடது கண்ணில் பட்டது. மறுநாள் காலையில், "அந்தக் கண்ணுல எல்லாம் புகையா, சிவப்பாத் தெரியுதும்மா" என்றான். கண்ணுக்குள் ரத்தம் நிறைந்திருப்பதால் விழித்திரையைப் பார்க்கவே முடியவில்லை என்று சொன்ன மருத்துவர், அடிபடாத வலது கண்ணைச் சோதித்துவிட்டு, அவனுக்கு 'ரெட்டினோஸ்கைசிஸ்' என்ற பரம்பரை நோய் இருக்கிறது என்றார். அவர் காத்திருக்கச் சொல்கிறார். இரண்டாவதாகப் பார்த்தவரோ அறுவைச் சிகிச்சைக்குத் தேதியே கொடுத்துவிட்டார். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: இருவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது அம்மா. முதலாமவர் அறுவைச் சிகிச்சையால் வரக்கூடிய கெடுதலை நினைத்து அஞ்சுகிறார். இரண்டாமவர் காத்திருப்பதால் வரக்கூடிய கெடுதலை நினைத்து அஞ்சுகிறார். எந்த அச்சத்துக்கு அதிக இடம் கொடுப்பது என்பதை உங்கள் மகனின் கண்ணுக்குள் இப்போது இருக்கும் நிலைதான் தீர்மானிக்க வேண்டும்.

பந்தை எறிந்த பையனை இனி யாரும் குறை சொல்ல வேண்டாம். வேறொரு குழந்தைக்குப் பெரும்பாலும் இமை வீக்கத்தோடு போயிருக்கக்கூடிய அடி, உங்கள் மகனுக்கு ரத்தக் கசிவாக முடிந்ததற்குக் காரணம் அவனுடைய விழித்திரையின் அமைப்புதான். விழித்திரை ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே கொண்டது. அதற்குள் பல அடுக்குகள் இருக்கின்றன. அந்த அடுக்குகளை ஒன்றோடொன்று பிணைத்து வைப்பதற்கு ரெட்டினோஸ்கைசின் என்ற புரதம் தேவை. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஆர்எஸ்1 என்ற மரபணுவில் பிழை இருந்தால் இந்தப் புரதம் சரியாக உருவாவதில்லை; அடுக்குகள் உள்ளுக்குள்ளேயே பிரிந்துவிடுகின்றன. 1898இல் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஹாஸ் என்ற கண் மருத்துவர் முதன்முதலில் விவரித்த இந்த நோய்க்குக் காரணமான மரபணு 1997இல்தான் கண்டறியப்பட்டது.

நோய் உள்ள ஏறக்குறைய எல்லாச் சிறுவர்களுக்கும் விழித்திரையின் நடுப்பகுதியில், சக்கரத்தின் ஆரங்களைப் போலச் சிறு நீர்க்கட்டிகள் வரிசையாகத் தெரியும். ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதோடு விழித்திரையின் ஓரத்திலும், குறிப்பாகக் கீழ்ப்புறத்தில் காதுப் பக்கமாக, பெரிய பிளவு இருக்கும். ரத்தக் கசிவுக்கு வழிவகுப்பது இந்த ஓரப் பிளவுதான். பிரிந்துபோன உள்சுவர் மிக மெல்லியது. அதன் மீது ஓடும் ரத்தக் குழாய்களுக்கு அடியில் தாங்குவதற்கு எதுவும் கிடையாது. கண்ணின் உட்குழியை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் என்ற கூழ் அசையும்போதெல்லாம் அந்தக் குழாய்கள் இழுபடுகின்றன; ஒரு நாள், அடிபட்டோ படாமலோ, ஏதாவது ஒன்று அறுந்துவிடுகிறது.

உங்கள் முதல் மருத்துவர் வலது கண்ணைப் பார்த்து நோயைக் கண்டுபிடித்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரத்தம் நிறைந்த கண்ணுக்குள் எதுவும் தெரியாது. ஆனால் இந்த நோய் இரு கண்களையும் பாதிப்பதால், நல்ல கண் என்று நாம் நினைக்கும் கண்ணின் ஓசிடி ஸ்கேனிலேயே (விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் பரிசோதனை) விடை கிடைத்துவிடும். சிறிய அடிக்குப் பொருந்தாத அளவு ரத்தக் கசிவோடு வரும் எந்தச் சிறுவனுக்கும் மறு கண்ணைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். அதைச் செய்த மருத்துவர் கவனமானவர் என்பது என் எண்ணம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்த நோயில் ஏற்படும் ரத்தக் கசிவு பெரும்பாலும் தானாகவே கரைந்துவிடும். ஆகவே, விழித்திரை தன் இடத்தில் ஒட்டியிருக்கிறது என்பது உறுதியானால் காத்திருப்பதே முதல் சிகிச்சை. அதை உறுதி செய்வதற்குத்தான் பி-ஸ்கேன் எனப்படும் அல்ட்ராசவுண்ட் பரிசோதனை. மூடிய இமையின் மேல் ஜெல் தடவிச் செய்யப்படும் வலியற்ற பரிசோதனை இது. ஆனால் ஒருமுறை எடுத்து வைத்துவிட்டால் போதாது. அடுக்குப் பிளவும் விழித்திரை விலகலும் ஸ்கேனில் பார்ப்பதற்கு ஒன்றைப் போலவே தெரியக்கூடும்; இன்று ஒட்டியிருக்கும் விழித்திரை அடுத்த வாரம் ரத்தத்தின் மறைவில் விலகவும் கூடும். காத்திருக்கும் காலம் முழுவதும் ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை இந்த ஸ்கேனைத் திரும்ப எடுக்க வேண்டும். ஸ்கேன் இல்லாமல் "ஒரு மாதம் கழித்து வாருங்கள்" என்று மட்டும் சொன்னால் அந்தக் காத்திருப்பை நான் ஏற்க மாட்டேன்.

ஸ்கேனில் விழித்திரை விலகல் தெரிந்தால் காத்திருக்கும் பேச்சுக்கே இடமில்லை. அதே போல், நாள்பட்ட ரத்தத்திலிருந்து சிதைந்த சிவப்பணுக்கள் கண்ணின் முன்பகுதிக்கு வந்து, நீர் வடியும் பாதையை அடைத்து, கண் அழுத்தத்தை உயர்த்துவதுண்டு. பையன் கண் வலி, தலைவலி, வாந்தி என்று சொன்னால் அடுத்த பரிசோதனை நாள்வரை பொறுக்காமல் உடனே அழைத்துச் செல்லுங்கள். சொட்டு மருந்துக்கும் கட்டுப்படாத அழுத்தமும் அறுவைச் சிகிச்சைக்கு ஒரு காரணமாகும்.

இரண்டாவது மருத்துவர் அவசரப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் மகனின் வயதுதான். சுமார் 8 வயதுவரை மூளை பார்க்கக் கற்றுக்கொண்டே இருக்கிறது. அந்த வயதில் ஒரு கண்ணிலிருந்து தெளிவான பிம்பம் வராவிட்டால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கத் தொடங்கிவிடும். பிறகு ரத்தம் கரைந்தாலும் அது 'சோம்பேறிக் கண்'ணாகவே நின்றுவிடக்கூடும். கைக்குழந்தைக்குச் சில வாரங்கள்கூட நீண்ட காலம். 15 வயதுச் சிறுவனுக்கு இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம். உங்கள் மகன் இந்த இரண்டுக்கும் நடுவில், கடைசிப் படிக்கட்டில் நிற்கிறான். விழித்திரை ஒட்டியிருந்து, கண் அழுத்தமும் சரியாக இருந்தால், நான் சில வாரங்கள் பொறுப்பேன். ஒவ்வொரு பரிசோதனையிலும் ரத்தம் குறைகிறதா என்று பார்ப்பேன். நான்கு முதல் ஆறு வாரத்தில் கொஞ்சமும் தெளியவில்லை என்றால் அறுவைச் சிகிச்சையின் பக்கம் சாய்வேன். கண்ணை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதால், இதை முடிவாகக் கொள்ளாமல் உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அதுவரை, இரவில் இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுக்க வையுங்கள்; மிதக்கும் ரத்தம் கீழே படிந்தால் நடுப்பார்வை சற்று முன்னதாகவே தெளியும், மருத்துவருக்கும் விழித்திரையின் மேல்பகுதி தெரியத் தொடங்கும். ஓட்டம், குதித்தல், குஸ்தி எதுவும் வேண்டாம். உட்கார்ந்து படிப்பதற்கும் பள்ளிக்குப் போவதற்கும் தடையில்லை.

கேள்வி: 11 வயதான என் மகனுக்கு இதே நோயில் இரண்டாவது முறையாக ரத்தம் கசிந்து, மூன்று மாதமாகியும் கரையவில்லை. விட்ரெக்டமி செய்ய வேண்டும் என்கிறார்கள். உள்ளே என்னதான் செய்வார்கள்? ரத்தத்தை உறிஞ்சி எடுப்பது இவ்வளவு கடினமா?
– ஒரு தந்தை, திருச்சி

பதில்: ரத்தத்தை உறிஞ்சுவது கடினமே அல்ல. ரத்தத்துக்குப் பின்னால் இருக்கும் விழித்திரையைக் காயப்படுத்தாமல் வெளியே வருவதுதான் கடினம்.

மூடிய கண்ணுக்குள் கருவியைச் செலுத்தி விட்ரியஸை அகற்றும் இந்த முறையை 1970இல் அமெரிக்காவின் மயாமி நகரில் ராபர்ட் மாக்கமர் தொடங்கி வைத்தார். அதற்கு முன் கண்ணுக்குள் தேங்கிய ரத்தம் தானாகக் கரையாவிட்டால் பார்வை போனது போனதுதான். இன்று வெள்ளைவிழியில் அரை மில்லிமீட்டர் அளவுள்ள மூன்று துளைகள் போதும். கண் சுருங்கிவிடாமல் நீர் செலுத்துவதற்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டிக்கொண்டே உறிஞ்சும் கருவிக்கு ஒன்று. சிறுவர்களுக்கு முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள். குழந்தையின் கண் அளவில் சிறியது என்பதால், துளையிடும் இடத்தைக்கூட வயதுக்கு ஏற்றபடி கருவிழிக்குச் சற்று அருகில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரத்தம் கலந்த கூழை நடுப்பகுதியிலிருந்து எடுத்துவிட்ட பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. வயதானவர்களின் கண்ணில் விட்ரியஸ் ஏற்கெனவே விழித்திரையிலிருந்து விலகியிருக்கும்; சிறுவர்களின் கண்ணில் அது இறுக ஒட்டியிருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டால் பிற்பாடு மறுபடி இழுக்கும், மறுபடி ரத்தம் கசியும். பிரித்தெடுக்கப் போனாலோ, அடுக்குப் பிளந்த விழித்திரையின் உள்சுவர் கூடவே வந்துவிடப் பார்க்கும். சரியாகக் காயாத வடாமைத் துணியிலிருந்து கிழியாமல் உரிப்பதற்கு எவ்வளவு பொறுமை வேண்டுமோ, அவ்வளவு பொறுமை இதற்கும் வேண்டும். கண்ணாடி போன்ற விட்ரியஸ் எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரிவதற்காக ட்ரையம்சினோலோன் என்ற வெண்ணிற மருந்தைத் தெளிப்பார்கள். அந்தத் துகள்கள் படிந்த இடத்தில் கூழ் இன்னும் மிச்சமிருக்கிறது என்று பொருள். சில மையங்களில் இந்தப் பிடிப்பைத் தளர்த்துவதற்கு அறுவைச் சிகிச்சைக்கு முன் நொதி மருந்தைச் செலுத்திப் பார்த்ததும் உண்டு.

எந்தக் குழாயிலிருந்து ரத்தம் வந்தது என்று தெரிந்தால், அதை மின்சூட்டால் பொசுக்கி அடைப்பார்கள். பிளவின் உள்சுவர் பலூனைப் போல உப்பி நடுப்பார்வைக்கு முன்னால் தொங்குகிறது, அல்லது பிளவுக் குழிக்குள்ளேயே ரத்தம் அடைபட்டிருக்கிறது என்றால், அந்த உள்சுவரின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பதும் உண்டு. விழித்திரையையே வெட்டுகிறார்களா என்று நீங்கள் பதறலாம். அடுக்குகள் பிளந்த இடத்தில் நரம்புத் தொடர்பு ஏற்கெனவே அறுந்திருப்பதால் அங்கே பார்வை கிடையாது. ஆகவே பார்வையில் புதிதாக எதுவும் பறிபோவதில்லை. ஊசலாடிக்கொண்டிருக்கும் ரத்தக் குழாய்களும் அதோடு நீங்கிவிடும். ஆனாலும் இது எல்லாச் சிறுவர்களுக்கும் செய்ய வேண்டியதல்ல. மீண்டும் மீண்டும் ரத்தம் கசிபவர்களுக்கும், உப்பிய சுவர் பார்வையை மறைப்பவர்களுக்கும் மட்டுமே.

கிழிசல் எதுவும் இல்லாமல் வேலை முடிந்துவிட்டால் கண்ணை நீராலேயே நிரப்பி முடித்துவிடுவார்கள். பிளவின் வெளிச்சுவரில், அதாவது பிரிந்த அடுக்குகளில் பின்னால் இருப்பதில், ஓட்டையோ, விழித்திரை விலகலோ இருந்தால் சுற்றிலும் லேசர் வைத்து, உள்ளிருந்து அழுத்திப் பிடிப்பதற்கு வாயுவோ சிலிக்கான் ஆயிலோ நிரப்ப வேண்டியிருக்கும். வாயு நிரப்பினால் நாள்கணக்கில் குப்புறப் படுக்கச் சொல்வார்கள். துறுதுறுப்பான பையன்களிடம் அது நடக்காது என்பதால் குழந்தைகளுக்கு ஆயிலே பெரும்பாலும் தேர்வாகிறது. ஆயில் தானாகக் கரையாது. சில மாதங்கள் கழித்து அதை எடுப்பதற்கு இன்னொரு அறுவைச் சிகிச்சை உண்டு என்பதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல குடும்பங்கள் ஊருக்குப் போனதும் இதை மறந்துவிடுகின்றன, ஆயில் நெடுங்காலம் தங்கிக் கண் அழுத்தத்தையும் கருவிழியையும் கெடுத்துவிடுகிறது.

சிக்கல்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கண்புரை, அழுத்த உயர்வு, மறுபடி ரத்தக் கசிவு, அறுவைச் சிகிச்சையின்போதே விழித்திரையில் கிழிசல், பிறகு தழும்புத் திசு உருவாகி விழித்திரை மறுபடி விலகுவது, அரிதாகத் தொற்று ஆகியவை வரலாம். இவற்றில் தழும்புத் திசுதான் சிறுவர்களின் கண்ணில் மூர்க்கமானது. மூன்று மாதம் கரையாத, இரண்டாவது முறையாக வந்த கசிவுக்கு அறுவைச் சிகிச்சை என்பது நியாயமான முடிவுதான். ஆனால் எங்கே செய்வது என்பதில் சமரசம் செய்துகொள்ள வேண்டாம். நீரிழிவு நோயாளிகளுக்குத் தினமும் விட்ரெக்டமி செய்யும் கைதேர்ந்த மருத்துவரைவிட, குழந்தைகளின் விழித்திரையில் பழகிய கைதான் இங்கே வேண்டும்.

கேள்வி: என் அண்ணன் மகனுக்கு ஒரு கண்ணில் ரத்தம் கசிந்து சரியாகிவிட்டது. இரு கண்களிலும் ஓரப் பிளவு இருக்கிறது. முன்னெச்சரிக்கையாகப் பிளவைச் சுற்றி லேசர் வைத்துவிட்டால் இனி வராது அல்லவா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கேட்பதற்குச் சரியாகத் தோன்றும், ஆனால் செய்யக் கூடாத காரியம் இது. சாதாரண விழித்திரைக் கிழிசலில் லேசர் தழும்பு ஒட்டுப்போட்டதைப் போல் பிடித்துக்கொள்ளும். பிளவுபட்ட விழித்திரையிலோ லேசர் வைத்த இடத்திலேயே வெளிச்சுவரில் ஓட்டை விழுந்து, இல்லாத விழித்திரை விலகலை நாமே உண்டாக்கிவிடும் ஆபத்து இருக்கிறது. தவிரவும், கைக்குழந்தைப் பருவத்தில் பெரிதாக உப்பியிருக்கும் பிளவுகள் பல, வயது ஏற ஏறத் தாமாகவே தணிந்து, நிறமி படிந்த கோடுகளை மட்டும் விட்டுச் செல்வதுண்டு. விலகலோ, அதற்கு வழிவகுக்கும் வெளிச்சுவர் ஓட்டையோ உறுதியானால் தவிர, ஓரப் பிளவை லேசரால் தொடாமல் விடுவதே நல்லது.

முன்னெச்சரிக்கை வேண்டுமென்றால் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடியை வாங்கி அணியச் சொல்லுங்கள். கபடி, குத்துச்சண்டை, பந்தைத் தலையால் முட்டும் கால்பந்து ஆகியவற்றைத் தவிர்க்கட்டும். நடை, சைக்கிள், சதுரங்கம், சுவரில் தலை மோதாத அளவுக்கு நீச்சல் எல்லாம் இருக்கட்டும். பையனை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்க வேண்டிய நோய் இதுவல்ல.

கேள்வி: எங்கள் பெண் குழந்தைக்கு 5 மாதம், நிறைமாதத்தில் பிறந்தவள். ஒரு கண்ணில் ரத்தக் கசிவு இருப்பதாகவும், விழித்திரையின் ஓரம்வரை ரத்தக் குழாய்களே வளரவில்லை என்றும் சொல்லி, 'எஃப்இவிஆர்' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். குழந்தைக்கு லேசர் என்கிறார்கள். எங்கள் இருவருக்கும் கண் பரிசோதனை என்கிறார்கள். எங்களுக்குத்தான் பார்வை நன்றாக இருக்கிறதே?
– பெற்றோர், ஈரோடு

பதில்: இதற்கு முன் சொன்ன நோயும் உங்கள் குழந்தைக்கு வந்திருப்பதும் வேறு வேறு, லேசரைப் பற்றிய முடிவுகூட இங்கே நேர்மாறானது. எஃப்இவிஆர் என்பது 'ஃபேமிலியல் எக்ஸுடேடிவ் விட்ரியோரெட்டினோபதி' என்ற பெயரின் சுருக்கம். 1969இல் கிறிஸ்விக், ஷெப்பன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் விவரித்த இந்த நோயில், விழித்திரையின் ரத்தக் குழாய்கள் ஓரத்தை எட்டுவதற்கு முன்பே வளர்ச்சியை நிறுத்திவிடுகின்றன. ரத்தம் கிடைக்காத அந்த ஓரப் பகுதி, புதிய குழாய்கள் வேண்டும் என்று ரசாயனத் தூண்டலை வெளிவிடுகிறது. அதனால் முளைக்கும் குழாய்கள் பலவீனமானவை; அவை கசிகின்றன, நார்த்திசுவாக மாறி விழித்திரையை இழுக்கின்றன. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோயைப் போலவே தோன்றும். நிறைமாதக் குழந்தைக்கு அப்படி ஒரு தோற்றம் இருந்தால்தான் இந்தச் சந்தேகம் எழும்.

ரத்தக் குழாய் இல்லாத பகுதியில் லேசர் வைத்தால் அந்தத் தூண்டல் அடங்கும். எனவே இங்கே லேசர்தான் முதன்மைச் சிகிச்சை. கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்தும் புதிய குழாய்களை வாட வைக்கும். ஆனால் நார்த்திசு ஏற்கெனவே உருவாகியிருந்தால் அது சுருங்கி இழுவையை அதிகப்படுத்தும் என்பதால் மருத்துவர்கள் அளந்துதான் பயன்படுத்துகிறார்கள். விழித்திரை இழுபட்டு விலகத் தொடங்கிவிட்டால், லென்ஸைத் தொடாமல் விட்ரெக்டமி செய்து இழுக்கும் திசுவைத் தளர்த்த வேண்டும். கைக்குழந்தையின் கண்ணில் அப்போது ஒரு சிறு ஓட்டை விழுந்தால்கூட மீட்பது மிகக் கடினம். அதனால்தான் எல்லாத் திசுவையும் ஒரேயடியாக அகற்றிவிட வேண்டும் என்ற ஆசையை மருத்துவர் அடக்கிக்கொள்கிறார். "பாதிதான் எடுத்திருக்கிறார்கள்" என்று பிறகு வருத்தப்படாதீர்கள்.

உங்களைச் சோதிப்பதற்குக் காரணம் உண்டு. இந்த நோய் பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்தே வருகிறது. ஒரே குடும்பத்தில் ஒருவருக்குப் பார்வையே போகும். இன்னொருவர் தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் வண்டி ஓட்டிக்கொண்டு, கணக்கு எழுதிக்கொண்டு வாழ்நாளைக் கழித்துவிடுவார். கையில் சாய மருந்தை ஊசியாகச் செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம் படத்தில்தான் ஓரக் குழாய்களின் குறை தெரியவரும். அப்படி உங்களில் ஒருவருக்குத் தெரிந்தால், அவருடைய கண்ணுக்கும் கண்காணிப்பு தேவைப்படலாம். அடுத்த குழந்தை பிறந்தவுடன் அதன் கண்ணைச் சோதிக்க வேண்டும் என்பதும் உறுதியாகும். இந்த நோயைத் தோற்றுவிக்கும் மரபணுக்களில் ஒன்றான எல்ஆர்பி5இல் பிழை இருந்தால் எலும்பின் அடர்த்தியும் குறையக்கூடும் என்பதால், மரபணுச் சோதனை முடிவைக் குழந்தை மருத்துவரிடமும் காட்டுங்கள். லேசர் முடிந்ததோடு பரிசோதனையை நிறுத்திவிட வேண்டாம். பல ஆண்டுகள் அமைதியாக இருந்துவிட்டு மறுபடி தலைதூக்கும் பழக்கம் இந்த நோய்க்கு உண்டு.

கேள்வி: எனக்கு 22 வயது. ரெட்டினோஸ்கைசிஸில் ரத்தக் கசிவுக்காக விட்ரெக்டமி செய்துகொண்டேன். ரத்தம் போய்விட்டது, ஆனால் பார்வை 6/36க்கு மேல் வரவில்லை. அறுவைச் சிகிச்சை தோல்வியா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இல்லை. 6/36 என்றால், நல்ல பார்வை உள்ளவர் 36 மீட்டரில் படிப்பதை நீங்கள் 6 மீட்டரில்தான் படிக்க முடிகிறது என்று பொருள். ரத்தம் கசிவதற்கு முன் அந்தக் கண்ணில் எவ்வளவு பார்வை இருந்தது என்ற பழைய சீட்டைத் தேடிப் பாருங்கள். நடுப்பகுதியில் இருக்கும் நீர்க்கட்டிகளின் காரணமாக, இந்த நோய் உள்ளவர்களின் பார்வை ரத்தக் கசிவே இல்லாதபோதும் 6/18க்கும் 6/60க்கும் இடையில்தான் பெரும்பாலும் இருக்கும். அறுவைச் சிகிச்சை வழியில் இருந்த ரத்தத்தை அகற்றியிருக்கிறது. பிறவியிலேயே பிரிந்துபோன அடுக்குகளை ஒட்டவைக்க அதனால் முடியாது. இதை அறுவைச் சிகிச்சைக்கு முன்பே உங்களுக்கு விளக்கியிருக்க வேண்டும். விளக்காமல் விட்டது மருத்துவத் துறையில் அடிக்கடி நேரும் குறை.

இன்னும் செய்யக்கூடியவை இருக்கின்றன. ஓசிடியில் நீர்க்கட்டிகள் பெரிதாக இருந்தால் டார்சோலமைடு சொட்டு மருந்து சிலருக்கு அவற்றைச் சுருக்கிப் பார்வையை ஓரிரு வரிகள் உயர்த்துகிறது; எல்லோருக்கும் பலிப்பதில்லை என்றாலும் முயன்று பார்க்கலாம். இந்த நோய் உள்ளவர்களுக்குத் தூரப்பார்வைக் குறைபாடு சாதாரணம் என்பதால் கண்ணாடி அளவை மறுபடி சரிபாருங்கள். நல்ல கண்ணிலும் பார்வை குறைவாக இருந்தால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் கல்வியிலும் வேலையிலும் இடஒதுக்கீட்டு உரிமை உண்டு. கூச்சப்பட்டுக்கொண்டு அதை இழக்க வேண்டாம்.

கேள்வி: என் தம்பிக்கு ரெட்டினோஸ்கைசிஸ் நோய். எனக்குத் திருமணப் பேச்சு நடக்கிறது. என் பிள்ளைகளுக்கும் வருமா? இதற்கிடையில் என் அக்கா மகளைத் தம்பிக்கே கட்டி வைக்கலாம் என்றும் வீட்டில் பேசுகிறார்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை மாவட்டம்

பதில்: பிழை எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களுக்கே நோய் வெளிப்படும், பெண்கள் பொதுவாக நல்ல பார்வையோடு அதைச் சுமந்து செல்பவர்களாக இருப்பார்கள். உங்கள் தாயாருக்கு அந்தப் பிழை இருந்தால் உங்களுக்கும் இருப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்களுக்கு இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கண்ணைச் சோதித்து இதைச் சொல்ல முடியாது. மரபணுச் சோதனைதான் சொல்லும். முதலில் தம்பியின் ரத்தத்தில் பிழை எது என்று கண்டறிந்து, பிறகு அதே பிழை உங்களிடம் இருக்கிறதா என்று தேட வேண்டும். வரிசை மாறினால் செலவும் குழப்பமும்தான் மிஞ்சும். சென்னை சங்கர நேத்ராலயா, மதுரை அரவிந்த் ஆகிய இரண்டு நிறுவனங்களிலும் மரபணுப் பிரிவுகள் இருக்கின்றன. உங்களுக்கு மதுரையே அருகில்.

உங்கள் திருமணத்தை நிறுத்துவதற்கு இது காரணமாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தம்பிக்கு அக்கா மகளைக் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தம்பி வெளியில் பெண் எடுத்தால் அவருடைய மகன்கள் யாருக்கும் நோய் வராது, ஏனென்றால் தகப்பனின் எக்ஸ் குரோமோசோம் மகனுக்குப் போவதில்லை. மகள்கள் எல்லோரும் சுமப்பவர்களாக மட்டும் இருப்பார்கள். அக்கா மகளுக்கோ அதே பிழை இருப்பதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. இருந்துவிட்டால் பிறக்கும் மகன்களில் பாதிப் பேருக்கும், இரு பக்கமும் பிழையைப் பெறுவதால் மகள்களில் பாதிப் பேருக்கும் நோய் வெளிப்படும். உறவுத் திருமணம் நடக்கும் குடும்பங்களில் பெண்களுக்கே இந்த நோய் வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. முறைமாமன் என்ற உரிமையைப் பேசும் பெரியவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

கேள்வி: முருங்கைக் கீரை, கேரட், பொன்னாங்கண்ணி சாப்பிட்டால் கண்ணுக்குள் இருக்கும் ரத்தம் கரையுமா?
– வாசகி, சேலம்

பதில்: கரையாது. உடம்புக்கு நல்லது என்று சாப்பிடுங்கள். கண்ணில் மட்டும் தாய்ப்பால், தேன், எண்ணெய் எதையும் விடாதீர்கள்.

கேள்வி: மரபணு சிகிச்சை வந்துவிட்டது என்கிறார்களே? மகனுக்கு அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டு அதற்காகக் காத்திருக்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: 2017இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மரபணு சிகிச்சை ஆர்பிஇ65 என்ற வேறொரு மரபணுப் பிழைக்கானது, ரெட்டினோஸ்கைசிஸுக்கு உதவாது. ரெட்டினோஸ்கைசிஸுக்காக 2015இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுகள் தொடங்கின. நல்ல மரபணுவை வைரஸ் வழியாக விட்ரியஸுக்குள் செலுத்தினார்கள். பலருக்குக் கண்ணுக்குள் அழற்சி ஏற்பட்டது. ஒரு நிறுவனம் பயன் தெரியவில்லை என்று 2018இல் தன் ஆய்வைக் கைவிட்டது. மருந்தை விழித்திரைக்கு அடியில் செலுத்தும் வேறு முயற்சிகள் இப்போது ஆய்வில் இருக்கின்றன. அவை நம்பிக்கை தரக்கூடியவைதான், ஆனால் கரையாத ரத்தமும் விலகும் விழித்திரையும் அதுவரை பொறுத்திருக்காது. எதிர்காலத்தில் சிகிச்சை வந்தாலும் அதனால் பயன் பெற விழித்திரை தன் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும். ஸ்டெம் செல் ஊசி போட்டுக் குணமாக்குகிறோம் என்று லட்சக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். ஒப்புதல் பெற்ற ஆய்வுகளில் சோதனை மருந்துக்காக நோயாளியிடம் பணம் வாங்க மாட்டார்கள்.

கேள்வி: மகனுக்கு விட்ரெக்டமி செய்து வாயு நிரப்பியிருக்கிறார்கள். பத்து நாளில் குடும்பத்தோடு கொடைக்கானல் போவதாக ஏற்பாடு. போகலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: போகக் கூடாது. மலை ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து கண்ணுக்குள் இருக்கும் வாயு விரியும். கண் அழுத்தம் திடீரென உயர்ந்து பார்வை நரம்பே கெட்டுவிடலாம். விமானப் பயணத்துக்கும் இதே தடை உண்டு. பயன்படுத்திய வாயுவைப் பொறுத்து, அது முழுவதும் கரைவதற்கு இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம்வரை ஆகும். கரைந்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு புறப்படுங்கள். அதற்கிடையில் பல் பிடுங்கவோ வேறு எதற்காகவோ மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், கண்ணுக்குள் வாயு இருப்பதை அந்த மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். நைட்ரஸ் ஆக்சைடு கொடுத்தாலும் அந்த வாயு விரிந்துவிடும். மருத்துவமனையில் கையில் கட்டிவிட்ட எச்சரிக்கைப் பட்டை இருந்தால் அதைக் கழற்ற வேண்டாம்.